கண்ணாடிய ஏத்துங்க

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலையில் காரில் கிளம்பினால் வெயில் இடப்பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் இடப்பக்கமே அடிக்கும். சுமார் 45 கிலோமீட்டர் சாலை, கடலுக்குக் கொஞ்சம் உள்தள்ளி, பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுகிறது. போகையில் கிழக்கு இடக்கைப் பக்கம், வருகையில் மேற்கு இடக்கைப் பக்கம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் ஓட்டுகிறவருக்கு இரண்டு வேளையும் நிழல். பின்சீட்டில் இடது ஜன்னலோரம் உட்காருகிறவருக்கு இரண்டு வேளையும் வெயில்.

எங்கள் குடும்பத்தில் அந்த இடம் ஆயாவுடையது. வெற்றிலை போடுகிறவர் ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும். வலது ஜன்னல் என்றால் எதிரே வரும் லாரியின் புழுதி முகத்தில் அடிக்கும், அதனால் இடது. ஆயா முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் அந்த வெயிலை வாங்கிக்கொள்வார். இடம் மாறி உட்காரச் சொல்லி அவர் கேட்டதில்லை. எங்களில் ஒருவரும் மாறிக்கொள்கிறேன் என்று சொன்னதுமில்லை. இன்று பல கார்களில் டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் இருக்கிறது. வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குளிர் வைத்துக்கொள்ளும் வண்டிகளில், வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் அது கணக்கில் எடுத்து, அந்தப் பக்கத்துக்குக் குளிரைக் கூட்டிக் கொடுக்கிறது. ஒரு குடும்பம் கவனிக்காமல் விட்டதை ஒரு சென்சார் கவனிக்கிறது. ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல் என்ற ஏற்பாட்டின்மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

1980-களின் பின்பாதியில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நாங்கள் சிதம்பரம் போவது ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும். ஒன்று கொளுத்துகிற வெயிலில் வரும், மற்றது பனியிலும் ஈரத்திலும் வரும். வண்டி, தெருக்கோடியில் நின்ற வாடகை அம்பாசடர். அதை ஓட்டியவரை எங்கள் தெருவே ‘டிரைவர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடும். முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், அவர்கள் மடிகளில் நாங்கள். காலடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு.

அந்த வண்டியில் காற்றுக்கென்று இருந்த ஒரே கருவி, முன்கதவில் தனியாக நிற்கும் முக்கோணக் கண்ணாடி. கொக்கியை எடுத்துவிட்டுத் திருப்பினால் வெளிக்காற்றை வழிமறித்து உள்ளே தள்ளும். அண்ணன் அதை விரல்நுனியால் தொட்டுத் தொட்டுத் திருப்புவார். கொஞ்சம் முன்னே சாய்த்தால் அவர் நெஞ்சுக்கு, இன்னும் சாய்த்தால் பின்சீட்டுக்கு, முழுக்கப் புரட்டினால் வேகத்தில் ஒரு ஊளை. பின்கதவுக் கண்ணாடிகளுக்கு ஒரு கைப்பிடிதான் உருப்படியாக இருந்தது. தேவைப்படுகிற கதவுக்கு அதைக் கழற்றிக் கொடுத்து, திருகியதும் திரும்ப வாங்கி முன்னே வைத்துக்கொள்வார். “பிள்ளைக்குக் காது அடைக்குது, ஏத்து.” “எனக்கு மூச்சு முட்டுது, எறக்கு.” “அண்ணே, அந்த முக்கோணத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன்.” வழி முழுக்க இந்தப் பேச்சு ஓயாது. வண்டிக்குள் யாருக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைப்பிடி ஒன்றே ஒன்று என்பதால் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

குளிர்ச்சிக்கு வெட்டிவேர் உண்டு. எங்கள் பக்கத்து நொச்சிக்காடு, தியாகவல்லி மணல் நிலங்கள் வெட்டிவேருக்குப் பேர்போனவை. ஒரு கற்றையைத் தண்ணீரில் முக்கி முக்கோணக் கண்ணாடியின் உள்பக்கம் செருகிவிட்டால் வரும் காற்றில் மணம் ஏறும். குளிர்ச்சி ஏறியதா என்றால், கொஞ்ச நேரத்துக்கு ஏறியது போல இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் காற்று குளிர்கிறது. வறண்ட வடக்கத்தி வெயிலில் இது பிரமாதமாக வேலை செய்யும். கடலூரில் காற்றே ஏற்கெனவே தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கிறது. அதனால் இன்னும் ஆவியை ஏற்க மறுக்கிறது. நம் உடம்பு வேர்வையும் அதே காரணத்தால்தான் காயாமல் வழிகிறது. நமக்கு வேண்டியது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிற ஏற்பாடு. வெட்டிவேரோ ஈரத்தைச் சேர்த்தது.

கடலூர் முதுநகர் தாண்டினால் உப்பனாற்றுச் சேற்றின் வாசனை வரும். அது எங்களுக்குப் பழகியது. அதற்கப்புறம் குடிகாடு நெருங்கும்போது அண்ணன் ஒரு குரல் கொடுப்பார்: “கண்ணாடிய ஏத்துங்க!” அந்த ஒரு சமயத்தில் மட்டும் வாக்குவாதம் கிடையாது. கைப்பிடி கை மாறி ஓடும். முக்கோணம் மூடும். ஆயா முந்தானையை மூக்குக்கு இழுப்பார். சாலையோரச் சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன ஆலைகள் வந்திருந்த காலம். கடல்காற்று இறங்குகிற மதியத்தில் அந்த நாற்றம் சாலைமேல் படுத்துக் கிடக்கும். ஒருநாள் அழுகிய முட்டை, ஒருநாள் இன்னதென்று சொல்லமுடியாத ஒரு தித்திப்பு. மூடிய கண்ணாடிக்குள் அத்தனை பேரின் மூச்சும் எஞ்சின் சூடும் சேர்ந்து வேகும். சட்டை முதுகோடு ஒட்டும். ஆலப்பாக்கம் நெருங்கியதும் அண்ணன் தன் பக்கத்தை முதலில் இறக்கி மோந்து பார்த்துவிட்டு, “எறக்கிக்குங்க” என்பார். வெளிக்காற்றை எப்போது விடுவது, எப்போது அடைப்பது என்று தீர்மானித்த கருவி அவருடைய மூக்கு.

எங்கள் வீட்டு ஏ.சி. 1990-களில் மாருதி உருவத்தில் வந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 நடுத்தரக் குடும்பத்துக்குக் காரைக் கொடுத்தது என்றால், அதன் ஏ.சி. மாடல் அதே குடும்பத்துக்கு ஒரு புதுச் சண்டையைக் கொடுத்தது. இரண்டு திருகுகள். ஒன்று நீலத்திலிருந்து சிவப்புக்கு, மற்றது காற்றின் வேகத்துக்கு. முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கை விறைக்கும், பின்னால் உட்கார்ந்தவர்களுக்குக் குளிர் வந்து சேராது. பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிப்போம். போட்டபடி மிதித்தால் வண்டி இழுக்காது. காலையில் புதுச்சத்திரத்தில் வைத்த அளவு வெள்ளாற்றுப் பாலத்தில் அதிகமாகிவிடும். மேகம் மூடினால் குறைக்க வேண்டும், வெயில் திறந்தால் கூட்ட வேண்டும். கைப்பிடிக்குப் பதில் திருகு வந்ததே தவிர, திருகும் கை அப்படியே இருந்தது.

அந்தக் கையையும் எடுத்துவிடலாம் என்று அமெரிக்கர்கள் வெகுநாள் முன்பே நினைத்தார்கள். 1940-ஆம் ஆண்டு மாடல் பாக்கார்டில்தான் கம்பெனியிலேயே பொருத்திய ஏ.சி. முதலில் வந்தது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1964 மாடல் காடிலாக்கில் ‘கம்ஃபர்ட் கண்ட்ரோல்’ வந்தபோது கையால் கூட்டிக் குறைக்கிற தொல்லையும் முடிந்தது. வேண்டிய அளவை ஒருமுறை வைத்துவிட்டால் மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும். அதே வருஷம் நம் சாலைகளில் அம்பாசடரின் முக்கோணக் கண்ணாடி விரலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. கடைசி அம்பாசடர் உத்தரபாரா ஆலையிலிருந்து 2014-இல் வெளியே வந்தது. இன்றைக்குச் சின்ன ஹாட்ச்பேக்கிலும் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல்தான் பலர் அதைத் தப்பாக நடத்துகிறார்கள்.

குளிர் உண்டாக்குகிற பாகங்கள் பழைய திருகு ஏ.சி.யில் இருந்தவைதான். எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்ஸர் அந்தச் சூட்டை வெளியே விட்டு, கேஸைத் திரவமாக்கும். அது எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன வழியாகப் பீய்ச்சிக்கொண்டு கூலிங் காயிலுக்குள் நுழையும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும். திரவம் ஆவியாகிச் சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். புளோயர் அந்தக் காயில் வழியாகக் காற்றை அடிக்கும். காற்றிலிருக்கும் ஈரம் காயிலில் படிந்து, சொட்டி, ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழும். சிதம்பரம் கீழ வீதியில் நிற்கும் கார்களுக்குக் கீழே மே மாதத்தில்கூடத் தரை நனைந்திருப்பது இதனால்தான். கடலூர்க் கடற்கரைக்காரர்களுக்கு ஏ.சி. செய்கிற உபகாரத்தில் பாதி இந்த ஈரத்தை எடுப்பது. வெட்டிவேருக்கு முடியாமல் போனது இதுதான்.

ஆட்டோவின் வித்தை, இந்தக் குளிரை எவ்வளவு கலந்து கொடுப்பது என்பதில் இருக்கிறது. கூலிங் காயிலுக்கு அடுத்தாற்போல ஹீட்டர் காயில் ஒன்று உண்டு. எஞ்சினின் சூடான கூலன்ட் அதற்குள் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மடல். மடல் ஒரு கோடியில் நின்றால் காற்று முழுக்கக் குளிராக வரும், மறுகோடியில் நின்றால் முழுக்கச் சூடாக வரும், இடையில் நின்றால் இரண்டும் கலந்து வரும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அம்மா வெந்நீர் விளாவுகிற மாதிரிதான். கையை விட்டுப் பார்த்து, இன்னும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர், இன்னும் அரைச் செம்பு என்று ஊற்றுகிற அந்தக் கைவேலையை இங்கே ஒரு குட்டி மோட்டார் செய்கிறது. கையை விட்டுப் பார்க்கிற வேலை சென்சார்களுடையது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நாலைந்து கீற்றாக ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அதற்குப் பின்னால் உள்வெப்பம் பார்க்கிற சென்சார். முன் பம்பருக்கு உள்ளே வெளிவெப்பம் பார்க்கிறது ஒன்று. கூலிங் காயிலில் ஒட்டியபடி, அது பனிக்கட்டியாக உறைந்துவிடாமல் காவல் பார்க்கிறது இன்னொன்று. இவை பெரும்பாலும் தெர்மிஸ்டர்கள். சூடு ஏறினால் இவற்றின் மின்தடை குறையும். கன்ட்ரோல் யூனிட் அந்தத் தடையை அளந்து டிகிரியாக மாற்றிக்கொள்கிறது. வெயில் பார்க்கிற குமிழுக்குள் இருப்பது ஒளி பட்டால் மின்னோட்டம் தருகிற டயோடு. நீங்கள் 25 என்று வைத்தால், 25 டிகிரிக் காற்றை அது அடிப்பதில்லை. உள்ளே 25 ஆவதற்கு எவ்வளவு குளிர்ந்த காற்றை, எவ்வளவு வேகத்தில், எந்த வாய் வழியாக அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. வெயிலில் கிடந்த வண்டியில் ஏறியதும் புளோயர் உச்சத்தில் இரையும், மடல் குளிர்க்கோடியில் நிற்கும். 25-ஐ நெருங்க நெருங்க இரைச்சல் அடங்கும், மடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இதெல்லாம் ஓயாமல் நடக்கிறது. வேலை சரியாக நடந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஏறியதும் ‘லோ’ வரை இறக்கிவிடுகிறவர்கள் இதைக் கெடுக்கிறார்கள். லோ வைத்தால் வண்டி சீக்கிரம் குளிராது. 25-லும் ஆரம்பத்தில் அது முழு வேகத்தில்தான் ஓடும். லோ என்றால் கணக்குப் போடாதே, கடைசிவரை அடித்துக்கொண்டே இரு என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் பெரியவர்கள் துண்டைப் போர்த்துவார்கள். மாருதித் திருகின் பழைய சண்டை, டிஜிட்டல் எண்களோடு மறுபடி தொடங்கும்.

என் மைத்துனர் வண்டியில் போன வருஷம் ஒரு கோளாறு. ஏ.சி. போட்டதும் டேஷ்போர்டுக்குள் டிக் டிக் டிக் என்று சத்தம். குளிர் வந்தாலும் ஒரே அளவில் நிற்கிறது, 28 வைத்தாலும் 20 வைத்தாலும் ஒன்றுதான். கடலூரில் ஏ.சி. வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைத் தம்பி கிளவ் பாக்ஸைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தார். மடலைத் திருப்புகிற ஆக்சுவேட்டர். மூடியை நெம்பினார். உள்ளே ஒரு குட்டி மோட்டார், அடுக்காக வெள்ளைப் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். கடைசிச் சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. “மோட்டார் சுத்துது சார், பல் இல்லாத எடத்துல வழுக்கித் திரும்ப அதே எடத்துக்கு வருது. அந்த டிக் டிக் இதான்.” பிறகு கைத்துண்டிலிருந்து ஒரு நூலைப் பிரித்து எடுத்து, ஸ்டியரிங் பக்கத்துச் சல்லடை முன்னால் பிடித்தார். நூல் மெல்ல உள்பக்கம் சாய்ந்து சல்லடையில் ஒட்டிக்கொண்டது. “உள்காத்த இழுக்குது. இந்த சென்சார் நல்லாருக்கு.” சில வண்டிகளில் இந்தக் கீற்றுகளில் தூசி அடைத்துவிடும். அடைத்தால் சென்சாருக்குக் கேபினின் காற்று தெரியாது, டேஷ்போர்டின் சூடு மட்டுமே தெரியும். அப்புறம் அது போடுகிற கணக்கெல்லாம் பிசகும்.

புதுப் பெட்டியை மாட்டிவிட்டு அந்தத் தம்பி இன்னொரு காரியம் செய்தார். டேஷ்போர்டின் நடுவில், சிதம்பரம் சன்னதிக் கடையில் வாங்கிய ஒரு சின்ன நடராஜர், இருபக்கம் ஒட்டும் டேப்பில் நின்றிருந்தார். பீடம் சரியாக அந்தக் கறுப்புக் குமிழின்மேல். தம்பி கும்பிட்டுவிட்டு அவரைப் பெயர்த்து நான்கு விரல் தள்ளி ஒட்டினார். “சாமி இங்க இருந்தா வண்டிக்கு எப்பவும் நெழல்ல நிக்கிற மாதிரியே தெரியும் சார்.” நம் பக்கத்தில் டேஷ்போர்டு என்பது பாதி பூஜை அலமாரி. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, காய்ந்த துளசி, அர்ச்சனைப் பை, டோல் ரசீது. இவற்றில் ஏதாவது ஒன்று அந்தக் குமிழை மூடியிருந்தால், ஜன்னலோரத்தில் யாருடைய தோள் எரிகிறது என்று வண்டிக்குத் தெரியாமல் போய்விடும்.

கேஸ் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1990-களின் பட்டறைகளில் ‘பழைய கேஸை விட்டுட்டுப் புதுசு போடணும்’ என்பார்கள். வால்வை அழுத்துவார்கள், புஸ்ஸென்று வெளியே போகும். அது ஆர்-12. மேலே ஓசோன் படலத்தை அரித்துக்கொண்டிருந்த குளோரோ புளோரோ கார்பன். 1987-இன் மான்ட்ரியால் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் பிறகு படிப்படியாக ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ ஒரு டன் கரியமில வாயுவுக்கும் மேல். இன்றும் பழைய கேஸைச் சிலிண்டரில் பிடித்து வைக்கும் மெஷின் இல்லாத பட்டறைகள் உண்டு. மெஷின் இருக்கிற பட்டறையைத் தேடிப் போவது நல்லது.

மார்கழிக்கு வருகிறேன். திருவாதிரைக்கு அம்பாசடர் விடியலுக்கு வெகுமுன்னே கிளம்பும். கண்ணாடிகள் மூடியிருக்கும். கொஞ்ச தூரத்திலேயே எங்கள் மூச்சு முன்கண்ணாடியின் உள்பக்கம் படிந்து சாலை மறைந்துபோகும். முன்சீட்டில் நடுவில் இருப்பவர் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டே வர வேண்டும். மழை பிடித்தால் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, பீடியைப் பிரித்து அந்தத் தூளை ஈரக் கண்ணாடியின் வெளிப்பக்கம் தேய்ப்பார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே தாளாக வழியும். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் வெள்ளாற்றை அவர் பாதி ஊகத்தில்தான் கடந்தார்.

இன்று இதற்கு ஒரு பொத்தான். அழுத்தினால் கம்ப்ரஸர் ஓடிக் காற்றின் ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்குகிறது, காய்ந்த சூடான காற்று கண்ணாடியில் அடித்துப் பனியை நொடிகளில் விலக்குகிறது. ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவது வீணில்லை, வேலையே அப்படித்தான். ஆனால் நம் கடற்கரைக்கென்று தனி வில்லங்கம் ஒன்று உண்டு. ஈரம் மிகுந்த விடியலில் உள்ளே குளிரை அதிகம் வைத்தால் கண்ணாடியே ஜில்லிட்டு, பனி வெளிப்பக்கம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரைப் போட்டு, குளிரை இரண்டு மூன்று டிகிரி குறைத்து, கண்ணாடியில் அடிக்கிற காற்றை மாற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஆட்டோவுக்கு இது தெரியாது. பனி எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியவர் ஓட்டுகிறவர்தான்.

மிச்சமிருப்பது அந்த வளைந்த அம்புக்குறிப் பொத்தான். கார் படத்துக்குள் அம்பு வளைந்து சுற்றினால் ரீசர்குலேஷன், உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். அம்பு வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் வெளிக்காற்று. இதற்கும் ஒரு மடல்தான். வெளியே கொளுத்தும்போது ஆட்டோ தானாகவே உள்காற்றுக்கு மாறிக்கொள்ளும், ஏற்கெனவே குளிர்ந்த காற்றை மறுபடி குளிர்விப்பது சுலபம் என்பதால். நீண்ட தூரம் அப்படியே போகக்கூடாது. நான்கைந்து பேர் மூச்சுவிடும் மூடிய வண்டியில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஏறிவிடும். ஓட்டுகிறவருக்குத் தலை கனத்துத் தூக்கம் வரும். அவ்வப்போது வெளிக்காற்றை விட வேண்டும்.

ஆலைகள் இருக்கும் அந்தத் தூரத்தில் எல்லோரும் இந்த மடலை மூடிக்கொண்டு போகிறோம். பெரும்பாலும் மூட வேண்டியதுகூட இல்லை, வெயிலுக்காக வண்டியே மூடி வைத்திருக்கிறது. விலைகூடிய சில கார்களில் வெளிக்காற்றின் தரம் பார்க்கிற சென்சார் உண்டு. அது முன்னால் போகிற வண்டியின் புகையை மோந்து மடலை மூடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆலைக் காற்றில் இருப்பதையெல்லாம் அது அறியாது. கரி சேர்த்த கேபின் ஃபில்டர் நாற்றத்தைக் கொஞ்சம் பிடிக்கும். எப்படியோ, என் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாற்றம் தெரியாது. அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போய்வந்தவர்கள், அங்கே ஒரு நாற்றம் உண்டு என்று நான் சொன்னபோது ஆச்சரியப்பட்டார்கள். அம்பாசடரில் நாங்கள் கண்ணாடிக்குள் வெந்தோம், ஆனால் வெளியே என்ன என்று தெரிந்திருந்தது. காற்று எப்படி என்று தெரியாமலேயே ஊர்களைக் கடக்கிற வசதியைக் கிளைமேட் கண்ட்ரோல் நமக்குக் கொடுத்திருக்கிறது. அது நல்லதில்லை.

ஆலைகளையொட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் மக்களுக்கு அடைக்க மடல் இல்லை. அவர்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் ஊர்க்காரர்களே கூடி, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் காற்றில், என்ன நாற்றம் வந்தது என்று எழுதிவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, அமெரிக்கப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். 2004-இல் முடிவுகள் அறிக்கையாக வந்தபோது, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனங்களும் அந்தக் காற்றில் இருந்தது தெரியவந்தது. எங்கள் டிரைவர் அண்ணன் மூக்கால் சொன்னதை அவர்கள் காகிதத்தில் நிரூபித்தார்கள்.

அந்தச் சாலையில் ஓடுகிற லாரிக்காரர்களுக்கு இப்போது ஒரு நல்லது நடந்திருக்கிறது. புதிதாகத் தயாராகும் சரக்கு லாரிகளில், மூன்றரை டன்னுக்கு மேற்பட்டவை எல்லாவற்றிலும், டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. வெந்து வெந்து ஓட்டியவர்களுக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த நியாயம் அது. ஓட்டுகிறவருக்கு ஒரு விதி வந்தது போல, சாலையோரத்தில் குடியிருக்கிறவருக்கும் காற்றுக்கு ஒரு காவல் வேண்டும்.

அதனால் இந்த வழியில் காரில் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதுநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரையுள்ள தூரத்தில் ஒருமுறையாவது அந்த வளைந்த அம்புப் பொத்தானை அழுத்தி வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். நாற்றம் அடித்தால் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கடலூரில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. அங்கே குடியிருக்கிறவர்களின் புகாரோடு கடந்து போகிறவர்களின் புகாரும் போய்ச் சேரட்டும்.